பாலாடை நீக்கிய பால்

ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல், தெரிந்தவனைப் போலச் சொன்னேன். அதனால் ஏழு மாதக் குழந்தை ஒன்று சாகக் கிடந்து பிழைத்தது. பிறகு, அந்தப் பழி அதன் தாயின் தலையில் விழுந்தபோது பேசாமல் இருந்தேன். முதலில் சொன்னதைத் தவறு என்று நீங்கள் மன்னிக்கக்கூடும். இரண்டாவதற்கு அப்படி ஒரு மென்மையான பெயர் என்னிடம் இல்லை.

நான் ஆங்கில ஆசிரியன். முப்பத்தோர் ஆண்டுகள் திருவண்ணாமலையில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வேங்கிக்காலில் எங்கள் தெருவில் வழி கேட்டால் ‘இங்கிலீஷ் வாத்தியார் வீட்டுக்கு அந்தாண்ட’ என்றோ ‘இந்தாண்ட’ என்றோதான் சொல்வார்கள். நிலத்துக்கு வந்த நோட்டீஸ், வேலைக்கு வந்த ஆணை, மருந்துச் சீட்டு, எதுவானாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துச் சொல்வேன்.

‘தெரியாது’ என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. பல சமயம் தெரிந்திருந்தது. சில சமயம் ஊகித்தேன். ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருந்துவிட்டது... அதுதான் என்னைக் கெடுத்தது.

என் தம்பி ஏழுமலை எனக்குப் பதினான்கு வயது இளையவன். அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையோரம் டீக்கடை வைத்திருந்தான். அவன் மனைவி பூங்காவனம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். 1990ஆம் ஆண்டு கடைசியில் அவர்களுக்குக் கயல் பிறந்தாள். தொட்டில் போட்ட அன்று நான் வெள்ளியில் ஒரு பாலாடை வாங்கிக் கொடுத்தேன். குழந்தைக்குப் புகட்டுவோமே, மூக்கு வைத்த சிறு கிண்ணம், அதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னால் மறக்க முடியவில்லை.

குழந்தைக்கு ஏழாம் மாதம். பக்கத்து வீட்டுக்காரி பாலில் நனைத்த பிஸ்கட்டை ஒரு விரலளவு ஊட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உதடு தடித்தது. மார்பெல்லாம் தட்டுத் தட்டாகச் சிவந்தது. அது தானாகவே அடங்கிவிட்டது. ஆனாலும் பூங்காவனம் அடங்கவில்லை. மறுநாள் பௌர்ணமி. கடையில் கூட்டம் அலைமோதும். ஏழுமலையால் அசைய முடியாது. அவள் தனியாகவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, டவுனில் குழந்தைகளைப் பார்க்கும் பெண் மருத்துவர் ஒருவரிடம் காட்டினாள். வரும் வழியில் என் வீட்டில் இறங்கினாள்.

என் மனைவி வெளியே போயிருந்தாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“டாக்டரம்மா மாட்டுப்பாலே ஆவாதுன்னு சொல்லிட்டாங்க மாமா” என்றாள். “எருமைப்பாலும் வாணாமாம். என் பால் குடுக்கணும், கூட கஞ்சி, பருப்பு, காய் மசிச்சிக் குடுக்கணும்னு சொன்னாங்க. இதுல எழுதியிருக்காங்களாம். எதுக்கும் நீங்க ஒருதபா படிச்சிச் சொல்லிடுங்க.”

சீட்டில் இரண்டே வரி. முதல் வரி தாய்ப்பாலைத் தொடரச் சொன்னது. இரண்டாவது வரி: ‘நோ டாப் மில்க்’.

டாப் மில்க்... நான் கேள்விப்படாத சொல். நீங்களே யோசியுங்கள். ‘டாப்’ என்றால் மேல். ‘மில்க்’ பால். பாலின் மேலே இருப்பது எது? ஆடை. பால் முழுவதுமே கூடாது என்றால் வெறுமனே ‘நோ மில்க்’ என்று எழுதியிருக்கலாமே. முன்னால் ஒரு சொல்லை ஏன் சேர்க்கவேண்டும்? பெயரடை பெயரின் பொருளைக் குறுக்கும் என்று எத்தனை நூறு முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன். ஆகவே குறுக்கினேன். இலக்கணப்படி என் முடிவில் பிழையே இல்லை.

“இதுல மாட்டுப்பால் வேணாம்னு எழுதலம்மா” என்றேன்.

“பின்ன இன்னா மாமா எழுதியிருக்காங்க?”

“மேல நிக்கற ஆடை வேணாம்னு எழுதியிருக்காங்க. அது கொழுப்பு. கொழந்தைக்குச் செரிக்காது, அதான் தடிச்சிருக்கு. ஆடைய எடுத்துட்டு, தண்ணி ஜாஸ்தியா கலந்து குடு.”

அவள் தயங்கினாள். “அவங்க வாயாலயே சொன்னாங்களே மாமா, மாட்டுப்பாலேன்னு...”

“அவங்க சொன்னது உனக்கு வெளங்கல. எழுதினது இங்க இருக்குது. நான் படிக்கறேன்ல?”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “புள்ள எளச்சிக் கெடக்குது பாரு. உன் பால் மட்டும் எப்பிடிப் பத்தும்?” என்றும் சேர்த்தேன். இது சீட்டில் இல்லாதது. என் சொந்தச் சரக்கு.

அவள் என்னைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், “அப்ப சரிங்க மாமா” என்று எழுந்துபோனாள். சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டாள்; படித்தவன் வீட்டில் இருந்தால் பத்திரம் என்று நினைத்திருப்பாள். அகராதி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. சீட்டை அதற்குள் செருகி வைத்தேன், அவ்வளவுதான்.

அவள் காதால் கேட்டது சரி. நான் கண்ணால் படித்தது பிழை. ஆனால் அவள் ஐந்தாம் வகுப்பு... நான் எம்.ஏ.

அன்று சாயங்காலம் நடந்ததை எனக்குப் பிறகு சொன்னார்கள். பூங்காவனம் கடைப்பாலில் ஒரு டம்ளர் எடுத்துக் காய்ச்சி, ஆறவிட்டு, படிந்த ஆடையை ஸ்பூனால் எடுத்தாள். மறுபடி சூடாக்கி, மறுபடி எடுத்தாள். மூன்று முறை எடுத்தாளாம். பிறகு வெந்நீர் கலந்து, நான் கொடுத்த பாலாடையிலேயே ஊற்றி, குழந்தைக்குப் புகட்டினாள். என் சொல்லை அவ்வளவு சுத்தமாக நிறைவேற்றிய மாணவன் எனக்கு வாய்த்ததில்லை.

பத்து நிமிடத்தில் குழந்தை பீய்ச்சியடித்து வாந்தி எடுத்தது. முகம் வீங்கியது. மூச்சு இழுத்தது. பிறகு துணியைப் போலத் துவண்டுவிட்டது.

பௌர்ணமி அன்று சாயங்காலத்துக்கு மேல் மலை சுற்றும் பாதையில் வண்டி ஓடாது. பாதை முழுக்க மனிதர்கள். ஏழுமலை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டவுனை நோக்கி ஓட முயன்றான்; கூட்டம் நடக்கும் வேகத்துக்கு மேல் அவனால் போகமுடியவில்லை. பின்னாலேயே அழுதுகொண்டு போன பூங்காவனத்தைப் பார்த்தவர்கள், இவர்களும் குழந்தைக்காக வேண்டிக்கொண்டு மலை சுற்றுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெரியவர் தம்பியை நிறுத்தி, குழந்தையின் நெற்றியில் விபூதி வைத்துவிட்டாராம். “நல்லா வரும், போப்பா” என்றாராம்.

டவுனில் அதே மருத்துவர் ஊசி போட்டு, முன்பு சொன்னதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வேனில் ஏற்றி, வேலூருக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை நான் வேலூர் மருத்துவமனைக்குப் போனேன். குழந்தை பிழைத்துக்கொண்டது என்றார்கள். பாலிலுள்ள புரதம் இந்த உடம்புக்குப் பகை என்று இளம் மருத்துவர் ஒருவர் விளக்கினார். ஆங்கிலத்தில் பேச ஆள் கிடைத்ததில் அவருக்குச் சற்று மகிழ்ச்சி. பேச்சினிடையே, “டாப் மில்க் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களே சார்?” என்று கேட்டார்.

பெரும் அக்கறை உள்ளவன்போல, “டாப் மில்க் என்று எதைச் சொல்கிறீர்கள்?” என்றேன்.

அவர் தமிழுக்கு மாறினார். “தாய்ப்பாலுக்கு மேல, வெளியிலருந்து குடுக்கற பால் சார். மாடு, எருமை, ஆடு, டின்னு, எதுவா இருந்தாலும் டாப் மில்க்தான். நாங்க டாக்டருங்க அப்பிடித்தான் எழுதுவோம்.” பிறகு மெல்லச் சிரித்தார். “உங்க டிக்‌ஷனரில இருக்காது.”

ஆக, எனக்கு இரண்டு நிமிடம் இருந்தது. மருத்துவரின் அறையிலிருந்து தம்பியும் பூங்காவனமும் நின்ற ஜன்னல் வரை நடந்துபோகும் நேரம். உண்மை என் கையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் போனேன் என்று நினைக்கிறேன்... அல்லது இன்று அப்படி நினைத்துக்கொள்ள விரும்புகிறேனா?

ஏழுமலை கேட்டான்: “அண்ணா, இவ சொல்றா, நீங்கதான் பால் குடுக்கச் சொன்னீங்களாம். நெசமா?”

பூங்காவனம் ஜன்னலோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் எதுவுமில்லை. ‘அப்பாடா, மாமா வந்துவிட்டார், இனி சொல்லிவிடுவார்’ என்ற நிம்மதி இருந்தது.

நான் சொன்னேன்: “சீட்டுல இன்னா எழுதியிருந்துச்சோ அதத்தான் படிச்சேன் ஏழுமலை.”

அந்த வாக்கியத்தை நீங்கள் பிரித்துப் பாருங்கள். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஒட்டுமொத்தமாகப் பொய்.

தம்பி அவள் பக்கம் திரும்பினான். “டாக்டரும் சொல்லியிருக்காங்க, அண்ணனும் படிச்சிச் சொல்லியிருக்காரு. இத்தினி பேர் சொல்லியும் ஊத்தியிருக்கியே, நீ மனுசியா?”

“ஆடைய எடுத்துட்டுக் குடுன்னுதான் மாமா...”

“ஆடையாம் ஆடை.”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நெடுநாள் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. மரியாதை என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள்.

வேலூரில் அவளுக்கு ஒன்று சொன்னார்கள்: நீ சாப்பிடும் பால் உன் பால் வழியாகவும் குழந்தைக்குப் போகலாம். அன்றோடு பாலை விட்டாள், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் விட்டாள். டீக்கடைக்காரன் மனைவி, இரண்டு வருடம், கறுப்பு டீ குடித்துக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். ஏழுமலையோ கடையில், “பால் பக்கம் அவள வுடாதீங்கப்பா, ஆள காலி பண்ணிடுவா” என்று வாடிக்கையாளர்களைச் சிரிக்க வைத்தான். நானும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். நானும் சிரித்திருக்கிறேன்.

ஊருக்கு எழுத்து வகுப்பு வந்தபோது முதலில் போய் உட்கார்ந்தவள் அவள். தமிழோடு நிற்காமல் ஆங்கில எழுத்துக்களையும் கற்றாள். எதற்கு என்கிறீர்கள்? பிஸ்கட் அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க. மில்க் சாலிட்ஸ், வே, கேசின்... எல்லாம் பாலுக்கு மறுபெயர்கள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்து, வேலூர் மருத்துவரிடம் பொருள் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். குடும்பத்தில் இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் இருக்க, அவள் பொருள் கேட்க வேலூருக்குப் போனாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தையை அங்கே கூட்டிப்போவாள். கயலுக்கு ஐந்து வயதானபோது, மருத்துவமனையிலேயே வைத்துச் சோதித்தார்கள். உதட்டில் ஒரு சொட்டுப் பால். காத்திருப்பு. பிறகு அரை ஸ்பூன். காத்திருப்பு. இதை வீட்டில் ஒருநாளும் செய்து பார்க்காதே என்று நர்ஸ் அவளிடம் பலமுறை சொன்னாராம். அந்த நாள் முழுக்க அவள் பெஞ்சில் உட்கார்ந்து மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பகை தீர்ந்திருந்தது.

மகளை மீட்டுக்கொண்டு வந்தவள் அவள். ஆனால் வீட்டில் புழங்கிய கதை வேறு. பன்னிரண்டு வயதுக் கயல் ஒரு காதுகுத்து விசேஷத்தில் சொன்னாள்: “ஏழு மாசத்துலயே எங்கம்மா குடுத்த பாலக் குடிச்சிட்டுத் தப்பிச்சவ நான். என்னப் பாம்பு கடிச்சாக்கூட ஒண்ணும் ஆவாது.” பந்தியே சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்ற பூங்காவனமும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகும் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

2003இல் என் மகள் சுமதி பெங்களூரிலிருந்து எட்டு மாதக் கைக்குழந்தையோடு வந்தாள். பையில் சீஸ் பொட்டலம் ஒன்று. தமிழில் அதற்குப் பாலாடைக்கட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கயல் பட்ட பாட்டை அறிந்தவளாதலால் சுமதிக்குப் பயம். சித்தியைக் கேட்காமல் கொடுக்கமாட்டேன் என்று ஏழுமலை குடும்பத்தையே சாப்பாட்டுக்கு வரச்சொன்னாள்.

பூங்காவனம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “தோல்ல படை, சொறி எதுனா வந்துச்சா? மாப்பிள்ள வூட்ல யாருக்காச்சும் இந்த மாதிரி உண்டா? இல்லன்னா பயப்படாத. இருந்தா டாக்டரக் கேக்காம குடுக்காத.”

“இல்ல சித்தி. டாக்டர்கூட ஆரம்பிக்கலாம்னுதான் சொன்னாரு.”

“அப்ப மொதல்ல தயிரு, ஒரு ஸ்பூன். காலையில குடு, பகல் பூரா கண்ணு வெச்சிப் பாத்துக்கலாம். மூணு நாளு வேற எதையும் புதுசாக் குடுக்காத, அப்பதான் எதனால வந்துச்சின்னு தெரியும். அப்பறம் இது. கட்டியாக் குடுத்தா தொண்டைய அடைக்கும், பூவாட்டம் துருவிப் போடு. உப்பு கம்மியா இருக்கறதா பாத்து வாங்கு. காய்ச்சின பால்ல பண்ணதான்னு அட்டையில பாரு. டம்ளர்ல பாலு குடிக்கறதெல்லாம் ஒரு வயசு முடியட்டும். எதுவானாலும் உன் பால நிறுத்தாத.”

சுமதி வியந்துபோய், “எவ்ளோ தெரிஞ்சி வெச்சிருக்கீங்க சித்தி! அப்பறம் எப்பிடி கயலுக்கு மட்டும்...” என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். ஏழுமலை, கயல், என் மனைவி. நான் எழுந்து போய் அகராதியை எடுத்துவந்தேன். பன்னிரண்டு வருடமாக அதற்குள் இருந்த சீட்டை எடுத்துத் தம்பியிடம் நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். டாப் மில்க்குக்குப் பொருள் எனக்குத் தெரியாது, ஆடை என்று நான்தான் சொன்னேன், அவள் மறுத்தும் நான்தான் கொடுக்கச் சொன்னேன், வேலூரில் உன்னிடம் மழுப்பினேன்.

ஏழுமலை சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். பிறகு சிரித்தான்.

“நோ மில்க்குன்னு இங்க முத்து முத்தா எழுதியிருக்குது. எனக்கே புரியுது. உங்களுக்காண்ணா புரியாது? நம்ம கடைக்கு வர்ற வெள்ளக்காரன் பேசறதுலயே தப்பு கண்டுபிடிக்கறவரு நீங்க.”

“எனக்குத் தெரியலடா. சத்தியமா அப்பத் தெரியல.”

“போதும்ணா. இவளுக்காவ உங்க தலையில போட்டுக்கறீங்க. பெரிய மனசு.” அவன் உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தான். அடுத்த நொடி மனைவியிடம் திரும்பினான். “அண்ணன்கிட்ட எதுனா சொல்லி அழுதியா நீ? இப்ப யாரு உன்ன கேட்டா?”

கயல் என் கையைப் பிடித்தாள். “விடுங்க பெரிப்பா. அம்மாவ யாரும் இப்ப திட்டலயே.”

என் சாட்சியே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நான் கற்ற கல்வி, என் குற்றத்தை நானே ஏற்கவிடாமல் எனக்குக் காவல் நின்றது.

சாப்பாடு முடிந்தபின், அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த பூங்காவனத்திடம் போனேன். ‘மன்னித்துவிடு’ என்று தொடங்குமுன்பே பேசினாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“இனிமே இத யாருகிட்டயும் சொல்லாதீங்க மாமா. அந்த ஜன்னல்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆயிருக்கும். இப்ப நீங்க சொல்லச் சொல்ல, நான் சொல்லிக்குடுத்து நீங்க சொல்றதா ஆவுது. இன்னொருதபா பொய்க்காரி ஆவ என்னால முடியாது.”

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது; நான் பெரிய மனிதன் என்று யாரும் உங்களுக்குச் சொல்லி வைக்கவில்லை. நீங்களாவது நம்புவீர்கள்.

தயிர் கொடுத்து நான்கு நாள் கழிந்தது. பேரக் குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் காலை, சீஸ் கொடுக்கும்போது கூட இருக்கவேண்டும் என்று பூங்காவனம் பஸ் ஏறி வந்தாள். சுமதி துருவிக்கொண்டிருந்தாள். பூங்காவனம் பொட்டலத்தின் அட்டையை என்னிடம் நீட்டினாள்.

“படிங்க மாமா.”

படித்தேன். ஒவ்வொரு சொல்லாக, பொருளோடு. நடுவில் ‘ரென்னெட்’ என்று ஒரு சொல் வந்தது. நின்றேன். ஊகிக்க வாய் வந்துவிட்டது... அடக்கிக்கொண்டேன்.

“இது எனக்குத் தெரியலம்மா” என்றேன். அறுபத்தெட்டு வயதில், ஒருவர் நீட்டியதைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் முறையாக.

“பால ஒறைய வெக்கறது” என்றாள். “மீதியப் படிங்க.”

கடைசி வரிவரை படித்து முடித்தேன். அவள் தலையாட்டினாள். என் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், முதல் வரியிலிருந்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டித் தானே ஒருமுறை படித்தாள். அவள் முடிக்கும்வரை குழந்தையின் வாயருகே யாரும் எதையும் கொண்டுபோகவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. இன்றும் என்னிடம் காகிதங்கள் கொண்டுவருகிறாள். நான் படித்து முடித்ததும் கையை நீட்டுகிறாள். நான் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.